ஓடுவதுகூடப் பரவாயில்லை, கேட்பதுதான் பாடு

லண்டன் மாரத்தான் ஓடியிருக்கிறேன் என்று தெரிந்ததும் எத்தனை மணி நேரம் ஆச்சு என்பார்கள், கால் நகம் கழன்றதா என்பார்கள். நாலே முக்கால் மணி நேரம் ஆனது, இரண்டு நகம் கறுத்தது. அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். ஓடுவதைச் சொல்லி அறக்கட்டளைக்குப் பணம் எப்படிச் சேர்த்தாய் என்று கேட்பவர்கள் அபூர்வம். கேட்பவர்களோ அடுத்த வருடம் தாங்களே ஓடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களாக இருப்பார்கள். இது அவர்களுக்காக எழுதுவது.

முதலில் இடம் கிடைக்கும் வழி. பொதுக் குலுக்கலில் பெயர் கொடுக்கலாம், ஆனால் அதை நம்பி ஷூ வாங்கிவிட வேண்டாம். 2026 போட்டிக்கான குலுக்கலுக்கு 11 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். ஓடி முடிப்பவர்களோ ஐம்பதாயிரத்துச் சொச்சம். இன்னொரு வழி, அறக்கட்டளை இடம். அமைப்பாளர்களிடமிருந்து அறக்கட்டளைகள் காசு கொடுத்து இடங்களை வாங்கி வைத்திருக்கும். நாம் விண்ணப்பித்து, இவ்வளவு திரட்டித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தால் ஓர் இடம் கிடைக்கும். பெரும்பாலான அறக்கட்டளைகள் 2,000 பவுண்டுக்கு மேல் கேட்கின்றன. பெரிய பெயர் உள்ளவை கூடுதலாகவும் கேட்கும். விண்ணப்பத்தில் உன் ஓட்ட வேகம் என்ன என்பதைவிட எப்படித் திரட்டப் போகிறாய் என்ற கேள்விக்குத்தான் பெரிய கட்டம் இருக்கும். அதில் 'நண்பர்கள், உறவினர்கள் மூலம்' என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். அலுவலகத்தில் சாப்பாடு விற்பேன், தெருவில் இன்னாரிடம் கேட்பேன், நிறுவனம் இவ்வளவு சேர்த்துத் தரும் என்று தனித்தனியாக எழுதுங்கள். எழுதும்போதே நமக்கும் தெளிவாகும், முடியுமா முடியாதா என்று.

நான் ஓடியது லண்டனில் உள்ள கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்காக. அக்கா மகனுக்கு அங்கே இதய அறுவை சிகிச்சை நடந்தது. அவன் இப்போது பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் படுத்தி எடுத்துக்கொண்டிருக்கிறான், அதனால் சோகக் கதை எதுவும் இல்லை. அவன் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நாட்களில் அக்காவும் அத்தானும் தங்குவதற்கு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஓர் அறை கொடுத்தார்கள். வாடகை கிடையாது. நான் ஈஸ்ட் ஹாமிலிருந்து ரயிலில் ரசமும் சாதமும் கொண்டுபோய் அந்த அறையில் வைத்துவிட்டு வருவேன். அந்த மாதிரி அறைகளுக்கான செலவை ஏற்பது அரசாங்கம் இல்லை, அறக்கட்டளை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பணம் கேட்கப் போனால் நம்மவர்கள் வீசும் முதல் கேள்வியே இதுதான்: 'அது கவர்மென்ட் ஆஸ்பத்திரிதானே? வரி கட்டுகிறோமே, அப்புறம் எதற்கு நன்கொடை?' நியாயமான கேள்வி. பதிலைக் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். டாக்டர், நர்ஸ் சம்பளம், அன்றாட சிகிச்சை எல்லாம் அரசின் சுகாதார சேவை பார்த்துக்கொள்கிறது. ஆராய்ச்சி, சில விலையுயர்ந்த கருவிகள், கட்டடங்களைப் புதுப்பிப்பது, பெற்றோர் தங்கும் அறை, இவற்றுக்கெல்லாம் அறக்கட்டளைப் பணம் போகிறது. பேச்சு வளர்ந்தால் கொஞ்சம் சரித்திரமும் சொல்வேன். 1852ஆம் ஆண்டு பிப்ரவரி 14 அன்று பத்தே படுக்கைகளோடு தொடங்கிய ஆஸ்பத்திரி இது. அரசின் சுகாதார சேவை வந்ததே 1948இல்தான். அதுவரை கிட்டத்தட்ட நூறு வருடம் ஜனங்கள் கொடுத்ததில்தான் ஓடியிருக்கிறது. ஜே. எம். பாரி என்ற எழுத்தாளர் 1929இல் தன் 'பீட்டர் பேன்' என்ற சிறுவர் கதையின் உரிமையையே இதற்கு எழுதிக் கொடுத்தார். காப்புரிமைக் காலம் முடிந்த பிறகும் அந்த வருமானம் நின்றுவிடக் கூடாது என்று 1988இல் பாராளுமன்றம் சட்டத்தில் தனியாக ஒரு பிரிவே போட்டது. இதைச் சொன்னால் பாதிப் பேர் 'அப்படியா!' என்று போனை எடுப்பார்கள். மீதிப் பேர் எதைச் சொன்னாலும் கொடுக்க மாட்டார்கள், அவர்களோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை.

சரி, கேட்பதற்கு வருவோம். எனக்கு இதில்தான் கூச்சம். சொந்தத் தேவைக்கே நாலு தடவை யோசித்துக் கேட்கும் குடும்பத்தில் வளர்ந்தவன். ஆனால் யோசித்துப் பார்த்தால் நம் ஊரில் மொய் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறதே, அதில் யாருக்கும் கூச்சம் கிடையாது. நீ என் வீட்டு விசேஷத்துக்குச் செய்தாய், நான் உன் வீட்டுக்குச் செய்கிறேன், நோட்டில் எழுதியிருக்கிறது. இங்கே அலுவலகங்களில் நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். யாராவது ஒருவர் எப்போதும் எதற்காவது ஓடிக்கொண்டோ, சைக்கிள் மிதித்துக்கொண்டோ, மொட்டை போட்டுக்கொண்டோ இருப்பார். அவர்களுக்கெல்லாம் ஐந்தும் பத்துமாக நான் வருடக்கணக்கில் கொடுத்திருந்தேன். என் முறை வந்தபோது அவர்களுக்குத்தான் முதலில் எழுதினேன். ஏறக்குறைய எல்லோரும் திருப்பிச் செய்தார்கள். ஆகவே இரண்டு வருடம் கழித்து ஓடும் எண்ணம் இருந்தால், இப்போதிருந்தே மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்குங்கள். கணக்குப் போட்டுச் செய்கிறானே என்று தோன்றலாம். மொய்யும் கணக்குத்தான்.

வாட்ஸாப் குழுவில் நம் இணைய நன்கொடைப் பக்கத்தின் இணைப்பைப் போடுவதால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். முப்பது கைகூப்பு, பன்னிரண்டு நெருப்பு, 'வாழ்த்துகள் ப்ரோ', அதோடு சரி. இருநூறு பேர் இருக்கும் இடத்தில் யாரோ கொடுப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைப்பது இயல்பு. தனித்தனியாக, பெயர் சொல்லி, அவருக்கும் நமக்கும் உள்ள ஏதாவது ஒன்றைத் தொட்டு எழுத வேண்டும். 'அண்ணா, போன தடவை உங்கள் வீட்டுக்கு வந்தபோது முழங்கால் வலி என்று சொன்னேனே, அந்தக் காலோடுதான் ஓடப் போகிறேன்' என்று தொடங்கினால் படிப்பார். நேரம் பிடிக்கும் வேலைதான். தினமும் சாப்பிட்ட பிறகு நாலைந்து பேர் என்று வைத்துக்கொண்டால் முடிந்துவிடும். மாதக் கடைசியில், சம்பளம் போட்ட மறுநாள் அனுப்புங்கள். இருபதாம் தேதி அனுப்பினால் 'கண்டிப்பாகப் போடுகிறேன்' என்பார்கள், மறந்தும் போவார்கள்.

நன்கொடைப் பக்கத்தில் முதலில் விழும் தொகை முக்கியம். பக்கத்தைத் திறக்கிறவர் மேலே உள்ள இரண்டு மூன்று எண்களைப் பார்த்துவிட்டுத்தான் தன் எண்ணை முடிவு செய்கிறார். மேலே ஐந்து, ஐந்து என்று இருந்தால் அவரும் ஐந்து. அதனால் இணைப்பை ஊருக்குச் சொல்வதற்கு முன்பே நெருங்கியவர்கள் இரண்டு பேரைப் பிடித்து நல்ல தொகையாகப் போடச் சொல்லிவிட வேண்டும். அத்தான் நூறு போட்டார். பின்னால் வந்தவர்கள் இருபதுக்குக் கீழே இறங்கத் தயங்கினார்கள். இதில் ஒரு சங்கடமும் உண்டு, குறைவாக மட்டுமே கொடுக்க வசதியுள்ளவர் கொடுக்காமலே போய்விடலாம். அப்படிப்பட்டவர்களுக்குப் பெயரும் தொகையும் மறைத்துக் கொடுக்கும் வசதி இருப்பதை நாமே சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, சில தளங்களில் நன்கொடையோடு தளத்துக்கென்று ஒரு சிறு தொகையும் கேட்கும். அது கட்டாயமில்லை, பூஜ்யத்துக்கு நகர்த்தலாம் என்பது பெரியவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. 'பத்துப் போட்டால் பதினொன்று எடுத்துவிட்டான்' என்று நம்மிடம்தான் வந்து நிற்பார்கள்.

எங்கள் தெருக் கோடியில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும், 'தம்பி, உனக்குக் காசுதானே வேணும்? அதுக்கேன் ஓடுறாய்? ஓடாமலே தாறன்' என்றார். 'ஐயா, ஓடினால்தான் மற்றவர்கள் தருவார்கள்' என்றேன். 'அப்ப நான் விசரன் எண்டுறாய்' (பைத்தியக்காரன் என்கிறாய்) என்று சிரித்துவிட்டு உள்ளே போய் ஐம்பது பவுண்டு நோட்டை நாலாக மடித்துக் கொண்டுவந்தார். அப்போது நான் படிவத்தை நீட்டி விலாசம் எழுதச் சொன்னேன். முகம் மாறியது. 'குடுக்கிற காசுக்கு விலாசம் எதுக்கு?'

கிஃப்ட் எய்ட் என்று ஒன்று இருக்கிறது. இங்கே வருமான வரி கட்டுகிறவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அறக்கட்டளை வரித் துறையிடமிருந்து 25 பென்ஸ் வாங்கிக்கொள்ளலாம். கொடுப்பவருக்குக் கூடுதல் செலவு இல்லை. ஐம்பது கொடுத்தால் போய்ச் சேர்வது 62.50. ஆனால் அதற்கு அவருடைய முழுப் பெயர், வீட்டு விலாசம், அஞ்சல் குறியீடு, சம்மதக் குறி எல்லாம் வேண்டும். ரொக்கமாக வந்ததையெல்லாம் மொத்தமாகச் சேர்த்து நம் பெயரில், நம் வங்கி அட்டையில் போட்டுவிட்டு அந்தக் குறியைத் தட்டக் கூடாது. அது நம் பணம் இல்லை. ரொக்கத்துக்கு அறக்கட்டளையே ஒரு தாள் படிவம் தரும், அதில்தான் எழுதி வாங்க வேண்டும். இதையெல்லாம் ஐயாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'நான் பென்ஷன்காரன், வரி கட்டுறதில்லை' என்றார். அப்படியானால் அவர் குறி போடவே கூடாது. கட்டாத வரியைத் திருப்பிக் கேட்டால் வித்தியாசத்தை வரித் துறை கொடுத்தவரிடமே கேட்க முடியும். வயதானவர்களிடம் வாங்கும்போது இதை நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐம்பது ஐம்பதாகவே போனது.

அலுவலகத்தில் மதியச் சாப்பாடு விற்றது நல்ல வசூல். இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி, எலுமிச்சை சாதம். செய்வது பெரிய வேலை இல்லை, முன்னால் வைக்க வேண்டிய அட்டைதான் வேலை. இந்த நாட்டில் ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருட்கள் என்று பட்டியல் உண்டு. உணவில் எது இருக்கிறது என்று சாப்பிடுபவருக்குத் தெரிய வேண்டும். அந்தப் பதினாலில் ஒன்று கடுகு! நம் சமையலில் கடுகு இல்லாத பாத்திரம் எது? தாளித்த எல்லாவற்றுக்கும் எதிரே 'கடுகு' என்று எழுதினேன். எலுமிச்சை சாதத்தில் முந்திரியும் நிலக்கடலையும், இட்லிப் பொடியில் எள். பெருங்காயம்தான் யாரும் யோசிக்காத ஆள். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். இட்லி அரிசிதானே, கோதுமை ஆகாதவர்களும் சாப்பிடலாம் என்று நாம் பெருமையாகச் சொல்வோம், சாம்பாரில் இருந்து வந்து மாட்டிக்கொள்ளும். டப்பாவின் பின்புறத்தைப் படித்துப் பார்த்து வாங்குங்கள், கோதுமை இல்லாததும் கிடைக்கிறது. சாப்பாட்டுக்கு விலை வைத்து விற்ற பணத்துக்கு கிஃப்ட் எய்ட் கிடையாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளவும். பணத்துக்குப் பதிலாக ஏதோ ஒன்றைக் கொடுத்துவிட்டோம் அல்லவா, அது நன்கொடையில் சேராது.

தெருவில் நின்று உண்டியல் குலுக்கும் யோசனை எல்லோருக்கும் வரும். அனுமதி வாங்காமல் செய்யக் கூடாது. அறக்கட்டளையின் ஆட்களிடம் கேட்டால் யாரிடம் போக வேண்டும் என்று சொல்வார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

இனி ஓட்டம். இதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், எனக்குப் பட்டதை மட்டும் சொல்கிறேன். போட்டி ஏப்ரல் கடைசியில். பயிற்சி முழுக்கக் குளிர்காலத்தில். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். வேலை முடிந்து வந்து ஓடுகிறவர்கள் நல்ல விளக்கு உள்ள தெருக்களைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். வார இறுதி நீண்ட ஓட்டத்துக்கு நான் போனது கிரீன்வே பாதை. கிழக்கு லண்டனின் பெரிய கழிவுநீர்க் குழாய்களுக்கு மேலே போட்ட மேட்டுப் பாதை அது. சில நாள் வாசனையிலேயே தெரியும். ஆனால் சிக்னல் அதிகம் கிடையாது, மேடு பள்ளம் கிடையாது, பெக்டன் வரை நேராகப் போகலாம். நீண்ட ஓட்டத்தை வாரம் வாரம் கொஞ்சம் கூட்டி, முப்பது, முப்பத்திரண்டு கிலோமீட்டர் வரை கொண்டுபோய், போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது குறைக்கத் தொடங்க வேண்டும். 42.195 கிலோமீட்டரைப் பயிற்சியில் முழுதாக ஓடிப் பார்க்கத் தேவையில்லை.

சாப்பாட்டில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. கடைசி மூன்று நாள் மாவுச்சத்தைக் கூட்டி நார்ச்சத்தைக் குறை என்பார்கள். அப்படியென்றால் வெள்ளைச் சாதம், இட்லி, ரசம், தயிர். சுண்டல், கீரை, பயறு எல்லாம் போட்டி முடிந்த பிறகு. ஓடும்போது சாப்பிட, சர்க்கரைப் பாகு போன்ற ஜெல் பாக்கெட்டுகள் கிடைக்கும். எதுவானாலும் பயிற்சியிலேயே வயிற்றுக்குப் பழக்கிவிட வேண்டும். கடலை மிட்டாய் கொண்டுபோகலாம் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு: பல்லில் ஒட்டும், மூச்சு வாங்கும்போது கடிக்க முடியாது. பேரீச்சம்பழம் கொட்டை எடுத்துப் பாதியாக வெட்டினால் நன்றாக இறங்கும்.

அறக்கட்டளை கொடுக்கும் பனியனை அன்றைக்குத்தான் புதுசாகப் போட வேண்டும் என்று நினைக்காதீர்கள். துவைத்து, அதைப் போட்டுக்கொண்டே ஒரு நீண்ட ஓட்டம் போய்விட்டு வாருங்கள். எங்கே உரசுகிறது என்று குளிக்கும்போது எரிச்சலில் தெரியும், அங்கெல்லாம் வாசலின். ஆண்கள் மார்புக்காம்பில் பிளாஸ்டர் ஒட்டிக்கொள்வது நல்லது. ஒட்டாதவர்கள் வெள்ளைப் பனியனில் இரண்டு சிவப்புக் கோடுகளோடு வந்து சேர்வதை எல்லைக் கோட்டில் பார்க்கலாம். பனியனில் பெயர் போடும்போது சுருக்கமாகப் பெரிய எழுத்தில் போடுங்கள். நம் பெயர்களை முழுதாகப் போட்டால் கூட்டம் படித்து முடிப்பதற்குள் நாம் தாண்டிவிடுவோம். நான் என் பெயரின் முதல் பாதியை மட்டும் போட்டேன். முன்பின் தெரியாத ஆயிரம் பேர் அதைச் சொல்லிக் கத்தியதில் கடைசிப் பத்துக் கிலோமீட்டர் ஓடினேன் என்று சொன்னால் மிகையில்லை.

குளிரில் பழகிய உடம்புக்கு ஏப்ரல் வெயில் வேறு. 2018 போட்டியில் 24.1 டிகிரி பதிவானது. நம் ஊர்க்காரனுக்கு இது ஒரு வெயிலா என்று சிரிக்க வேண்டாம், நாலு மாதம் ஐந்து டிகிரியில் ஓடிய பிறகு இருபதே அனலாக இருக்கும். முன்கூட்டியே வானிலை பார்த்து வேகத்தைக் குறைத்துக்கொள்வதே புத்தி.

பாதையைப் பற்றி இரண்டு விஷயம். டவர் பிரிட்ஜ் 20 கிலோமீட்டர் வாக்கில் வரும். அதைத் தாண்டி வலது பக்கம் திரும்பியதும் ஒரே சாலையில் எதிர்ப் பக்கம் ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் 35 கிலோமீட்டர் முடித்தவர்கள், நீங்கள் பாதி. அந்தப் பக்கம் பார்க்காமல் ஓடுங்கள். அப்புறம் கேனரி வார்ஃப். உயரமான கட்டடங்களுக்கு நடுவே கைக்கடிகாரத்து ஜிபிஎஸ் தடுமாறி, ஓடாத தூரத்தையெல்லாம் ஓடியதாகக் காட்டும். சாலையோர மைல் பலகையை மட்டும் நம்புங்கள். வீட்டார் வந்து பார்ப்பதாக இருந்தால் டவர் பிரிட்ஜில் நிற்கச் சொல்லாதீர்கள், நெரிசலில் அவர்களுக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். பாப்ளர், லைம்ஹவுஸ் பக்கம் நிற்கட்டும். கால் கெஞ்சத் தொடங்குவதும் அங்கேதான். சாலையின் எந்தப் பக்கம் என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். அக்கா இடது பக்கம், கையில் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் என்று எனக்குத் தெரிந்திருந்ததால் மூன்று மைல் அதை நினைத்தே ஓட முடிந்தது.

2025இல் இந்த ஒரே நாள் ஓட்டத்தில் எல்லோருமாகத் திரட்டியது 8 கோடியே 73 லட்சம் பவுண்டு. அதில் ஒரு பங்கு போட்டிக்குப் பிறகு வருவது என்பதை மறந்துவிடாதீர்கள். பதக்கத்தோடு எடுத்த படத்தை அன்று மாலையே, கொடுத்தவர்களுக்கு நன்றியாகவும், 'போடுகிறேன்' என்று சொல்லிப் போடாதவர்களுக்கு ஒன்றும் எழுதாமலும் அனுப்பி வைத்தேன். இரண்டாம் வகையினர் ராத்திரிக்குள் போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை லீவு போடாமல் அலுவலகம் போங்கள். கால் வலியில் படிக்கட்டில் பின்பக்கமாக இறங்கும் ஆளைப் பார்த்தால் யாருக்கும் மனசு இளகும், லிஃப்ட் வாசலிலேயே எனக்கு நாற்பது பவுண்டு வந்தது. உங்கள் நிறுவனம் ஊழியர் திரட்டிய தொகைக்கு இணையாகத் தரும் வழக்கம் உள்ளதாக இருந்தால் அந்தப் படிவத்தையும் அந்த வாரமே கொடுத்துவிடுங்கள். பல இடங்களில் அதற்குக் கெடு உண்டு. ரொக்கப் படிவங்களில் விலாசம் விட்டுப்போனவர்களைத் தேடிப் பிடிப்பது மே மாதம் முழுக்க இழுக்கும்.